சனிக்கிழமை ரசிகர் விலகுகிறார்

ஆட்டக்காரர்களுக்குக் கூலி கிடைத்துவிட்டது. டி.வி.க்குப் பெரிய ஆட்டங்கள் கிடைத்துவிட்டன. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை அரை நூற்றாண்டாகத் தோளில் சுமந்த சிற்றூர் ரசிகர்தான் கழன்றுகொண்டிருக்கிறார்.

அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு எல்லையை ஒட்டி, கோதுமை வயல்கள் அலையலையாக ஏறி இறங்கும் மேட்டு நிலத்தில் இருக்கிறது புல்மன். 2020 ஜனத்தொகைக் கணக்குப்படி ஊரில் சுமார் 33,000 பேர். ஊரின் பெரிய நிறுவனமான வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் உள்ள இருக்கைகளும் சுமார் 33,000. கைக்குழந்தை உட்பட ஊரே திரண்டு வந்தாலும் எல்லோருக்கும் இடம் உண்டு. இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் சியாட்டிலிலிருந்து 450 கி.மீ. காரோட்டிக்கொண்டு பழைய மாணவர்கள் வருவார்கள். பல்கலைக்கழகப் பால்பண்ணையில் மாணவர்கள் தயாரித்துத் தகர டின்னில் அடைத்த பாலாடைக்கட்டியை வாங்கிக்கொள்வார்கள். அணி தோற்கும். அடுத்த வாரமும் வருவார்கள்.

இந்த ரசிகர்களின் பிடிவாதத்துக்கு ஒரு கொடி சாட்சி. ஈ.எஸ்.பி.என். டி.வி. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது ஒரு பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 'காலேஜ் கேம்டே' என்ற நிகழ்ச்சியை நேரடியாக ஒளிபரப்புகிறது. அந்த நிகழ்ச்சி புல்மனுக்கும் வராதா என்ற ஏக்கத்தில், நியூ மெக்சிகோவில் வசித்த ஒரு பழைய மாணவர் 2003 அக்டோபரில் ஆயிரம் கி.மீ.க்கு மேல் காரோட்டி டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினுக்குப் போய், கேமராவுக்கு முன் கூகர் சின்னம் பொறித்த கொடியை ஆட்டினார். (கூகர் என்பது மலைச்சிறுத்தை போன்ற ஒரு பூனையினம், அணியின் பெயரும் அதுதான்.) அடுத்த வாரங்களில் வேறு ஊர்களில் வேறு ரசிகர்கள் ஆட்டினார்கள். அன்று முதல் கொடி பார்சலில் ஊர் ஊராகப் போகிறது. எங்கே நிகழ்ச்சி நடந்தாலும் அந்த ஊரில் வசிக்கும் யாரோ ஒரு பழைய மாணவர் அதிகாலையில் எழுந்துபோய் அதை ஆட்டுகிறார். நிகழ்ச்சி புல்மனுக்கு வந்தது 2018 அக்டோபர் 20ஆம் தேதி. பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு.

இப்படிப்பட்ட ரசிகர்தான் இப்போது சனிக்கிழமைகளில் வேறு வேலை பார்க்கிறார். சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க மறக்கிறார். மறந்ததற்காக வருத்தப்படவும் மறக்கிறார்.

இந்திய வாசகருக்கு இதில் முதலில் புரியாதது கூட்டம்தான். இங்கே பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ரோஹிந்தன் பாரியா கிரிக்கெட் கோப்பை 1930களிலிருந்து நடக்கிறது. கவாஸ்கரும் வடேகரும் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்காக ரன்களைக் குவித்த போட்டி அது. ஆனால் அதற்காக லட்சம் பேர் டிக்கெட் வாங்கியதில்லை. கல்லூரி விளையாட்டு என்றால் இங்கே ரயில்வேயிலோ வங்கியிலோ 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' வேலைக்கு ஒரு சான்றிதழ். அமெரிக்காவிலோ மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். தொழில்முறை அணிகள் பெருநகரங்களில்தான் உண்டு. மற்ற மாநிலங்களுக்கும் சிற்றூர்களுக்கும் பல்கலைக்கழக அணிதான் சொந்த அணி. அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காத விவசாயியும் அதன் நிறத்தில் தொப்பி போட்டிருப்பார். அங்கே 'கால்பந்து' என்றால் பெரும்பாலும் கையால் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்து என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1970களின் கடைசியில் புல்மனில் படித்த ஒரு தலைமுறையை எடுத்துக்கொள்ளலாம். இன்று அறுபதுகளின் நடுவைத் தாண்டியவர்கள். அவர்கள் மாணவர்களாக இருந்தபோது வளாகத்தில் சக மாணவராக நடமாடியவர் கென்யாவிலிருந்து வந்த ஹென்றி ரோனோ. 1978இல் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையே 81 நாட்களில் 3,000 மீட்டர், 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ், 5,000 மீட்டர், 10,000 மீட்டர் என நான்கு உலக சாதனைகளை முறியடித்தவர். உலகத்திலேயே வேகமாக ஓடுகிறவர் நம் வகுப்பில் படிக்கிறார் என்பது சாதாரண விஷயமா?

கால்பந்தில் நிலைமை வேறு. மேற்குக் கரை அணிகளின் உச்ச ஆட்டமான ரோஸ் பௌலில் 1931 ஜனவரியில் ஆடிய வாஷிங்டன் ஸ்டேட், மறுபடி அங்கே போனது 1998 ஜனவரி 1ஆம் தேதி. 67 ஆண்டுகள். எதிரணி, நாட்டின் முதலிடத்தில் இருந்த மிச்சிகன். 21-16 என்ற நிலையில், கடைசி இரண்டு விநாடிகளில் ரயன் லீஃப் பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தப் பார்த்தார். நேரம் முடிந்துவிட்டது என்றார்கள் நடுவர்கள். அந்த இரண்டு விநாடிகள் பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை. உண்மையான ரசிகருக்கு வெற்றியைவிட இப்படி ஒரு மனக்குறை நெடுநாள் உழைக்கும்.

ஆக, தோல்வி இவர்களை விரட்டவில்லை. தோல்வி பழகிய சரக்கு.

முதல் அடி 2023 கோடையில் விழுந்தது. மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு 1915 டிசம்பரில் நான்கு உறுப்பினர்களுடன் உருவானது. 1917இல் வாஷிங்டன் ஸ்டேட் சேர்ந்தது. பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு 'பேக்-12' ஆனது. பக்கத்து ஊர்க்காரனோடு ஆண்டுதோறும் மோதுவதுதான் இந்த அமைப்பின் சாரம். ரயிலிலும் பஸ்ஸிலும் போய் ஆடிவிட்டு, திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பிவிடலாம் என்ற தூரம்.

அதை உடைத்தது டி.வி. பணம். விதை 1984இலேயே விழுந்துவிட்டது. அதுவரை கல்லூரிக் கால்பந்தின் ஒளிபரப்பு உரிமை முழுவதையும் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு கையில் வைத்துக்கொண்டு, எந்த அணி எத்தனை தடவை திரையில் வரலாம் என்று ரேஷன் போட்டிருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. அது ஏகபோகம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதிகளில் ஒருவர் பைரன் ஒயிட்; இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கால்பந்து நட்சத்திரம். இதை வெறும் வியாபாரமாகப் பார்க்காதீர்கள் என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். தோற்றுப்போன வாதம்.

அதற்குப் பிறகு பெரிய அணிகள் தங்கள் விலையைத் தாங்களே பேசின. 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களும் 'பிக் டென்' கூட்டமைப்புக்குத் தாவுவதாக அறிவித்தன. சிகாகோவையும் டெட்ராய்ட்டையும் சுற்றியுள்ள மாநிலங்களின் அமைப்பு அது. பேக்-12 தலைமை புதிய ஒளிபரப்பு ஒப்பந்தத்துக்காகப் பேரம் பேசிப் பேசிக் காலத்தைக் கடத்தியது. கடைசியில் கிடைத்தது, சந்தாதாரர்கள் எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் தருவதாக ஆப்பிள் நிறுவனம் முன்வைத்த திட்டம். அதைப் பார்த்து யாருக்கும் நெஞ்சு நிறையவில்லை. 2023 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேறின. கொலராடோ ஒரு வாரம் முன்பே போயிருந்தது. செப்டம்பர் 1ஆம் தேதி ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் சேர்ந்த இடத்தின் பெயரைக் கேட்டால் பள்ளிக்கூடப் பையனும் சிரிப்பான்: 'அட்லாண்டிக் கோஸ்ட்' கூட்டமைப்பு. பசிபிக் கரைப் பல்கலைக்கழகத்தின் வாலிபால் பெண்கள் லீக் ஆட்டத்துக்காக நாட்டின் மறுகரைக்குப் பறக்க வேண்டும்.

108 ஆண்டு அமைப்பில் மிஞ்சியவை இரண்டு: வாஷிங்டன் ஸ்டேட், ஒரேகான் ஸ்டேட். இரண்டும் சிற்றூர்ப் பல்கலைக்கழகங்கள். டி.வி. விளம்பரதாரர் கணக்கில் கோதுமை வயலுக்கு மதிப்பில்லை. கூட்டமைப்பின் சொத்து யாருக்கு என்ற வழக்கில் இந்த இரண்டுதான் ஜெயித்தன. வீட்டை விட்டு எல்லோரும் போன பிறகு பாத்திரங்கள் கிடைத்த மாதிரி. 2024, 2025 சீசன்களில் இரண்டே அணிகள் கொண்ட கூட்டமைப்பாக ஆடின. 2025 நவம்பரில் முதல் தேதியன்று ஒன்றையொன்று சந்தித்தன. அதே மாதம் 29ஆம் தேதி மறுபடியும் ஒன்றையொன்று சந்தித்தன. வேறு ஆள் இல்லை.

ரசிகர்கள் அதிகம் நொந்துபோனது ஆப்பிள் கோப்பை விஷயத்தில். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கும் புல்மனுக்கும் 1900இலிருந்து நடக்கும் பகை அது. நகரத்து டாக்டர், வக்கீல் ஒருபுறம். விவசாயக் கல்லூரியாகத் தொடங்கிய இடத்தில் படித்தவர்கள் மறுபுறம். ஒரே வீட்டில் கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி. நவம்பர் இறுதியில், நன்றி தெரிவிக்கும் விடுமுறையை ஒட்டி, சில ஆண்டுகளில் பனி கொட்டக் கொட்ட நடக்கும். ஒரு சீசனின் தோல்விகளை எல்லாம் கழுவிவிடக்கூடிய ஆட்டம். பிரிந்த பிறகு கோப்பையைத் தொடர ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வெவ்வேறு கூட்டமைப்புகளில் இருப்பதால் ஆட்டம் செப்டம்பருக்குப் போய்விட்டது. 2024 செப்டம்பரில் சியாட்டிலில் புல்மன்காரர்கள் 24-19 என்று ஜெயித்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் பொங்கலை ஆடியில் கொண்டாடிய மாதிரி இருந்தது. அடுத்த ஆண்டு புல்மனிலேயே 59-24 என்று உதை வாங்கினார்கள். பணம் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இடைவெளி ஏற்பட்டுவிட்டது ஸ்கோரிலேயே தெரிந்தது.

இரண்டாவது அடி மைதானத்துக்குள்ளிருந்து வந்தது. அதைப் பற்றிப் பேசும்போது ரசிகரின் பேச்சு கொஞ்சம் தடுமாறும். ஏனென்றால் நியாயம் மறுபக்கம் இருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் பல பத்தாண்டுகளாகப் பெற்றது கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு. அதற்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் தண்டனை. 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற மரியாதையான சொல், 1950களில் என்.சி.ஏ.ஏ. தலைவராக இருந்த வால்டர் பையர்ஸ் காலத்தில் புழக்கத்துக்கு வந்தது. ஆடும்போது இறந்த, காயம்பட்ட வீரர்களுக்குத் தொழிலாளி என்ற முறையில் நஷ்டஈடு தர வேண்டியிருக்குமோ என்ற பயம்தான் காரணம். 1955இல் கொலராடோவில் ஆட்டத்தில் அடிபட்டு இறந்த ஒரு கல்லூரி வீரரின் மனைவி நஷ்டஈடு கேட்டுப் போனார். மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் கையை விரித்துவிட்டது. இதே பையர்ஸ் ஓய்வுபெற்ற பின் 1995இல் எழுதிய புத்தகத்தில் தான் கட்டிய அமைப்பையே கடுமையாகச் சாடினார் என்பது வேறு கதை.

பயிற்சியாளர்களுக்கு மட்டும் இந்தத் துறவறம் கிடையாது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடம் கவர்னருக்கு அல்ல, பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளருக்கு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் தன் பயிற்சியாளரை வேலையை விட்டுப் போகச் சொல்வதற்கே 7.5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தப் பணத்துக்கு நடுவில், பந்தை ஏந்தி முட்டி மோதும் இருபது வயது இளைஞன் மட்டும் கலையின் தூய்மைக்காக ஆட வேண்டுமாம்.

எட் ஓபேனன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர் வீடியோ கேம் ஒன்றில் தன் உருவத்தையே பார்த்தார். அதற்குத் தனக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று 2009இல் வழக்குத் தொடுத்தார். அணை கசியத் தொடங்கியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பத்து நாளில், ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று விதி தளர்ந்தது. 2025 ஜூன் 6ஆம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத்தின்படி, பழைய வீரர்களுக்கு 280 கோடி டாலர் நஷ்டஈடு. தவிர, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம்.

நியாயம் கிடைத்தது. கூடவே வேறொன்றும் வந்தது. முன்பு கல்லூரி மாறும் வீரர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2018 அக்டோபரில் இடமாற்றத்துக்கென ஒரு பெயர்ப் பட்டியல் தொடங்கப்பட்டது. 2021இல் ஒருமுறை தடையில்லாமல் மாறலாம் என்றார்கள். 2024இல் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது. ஐ.பி.எல். ஏலத்தில் நேற்றைய எதிரியை இன்று கைதட்டி வரவேற்கப் பழகிவிட்ட இந்திய ரசிகருக்கு இதில் என்ன அதிர்ச்சி என்று தோன்றலாம். ஐ.பி.எல்.லில்கூட ஒப்பந்தம் உண்டு, ஏலத்துக்கு ஒரு நாள் உண்டு. அங்கே அதுவும் முதலில் இல்லை.

புல்மனில் கணக்கு இப்படி: பந்தை வீசி அணியை நடத்தும் கேம் வார்ட் 2023 சீசன் முடிந்ததும் மயாமிக்குப் போனார், 2025இல் தொழில்முறை லீக் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்து 2024 முழுவதும் ஜொலித்த ஜான் மாட்டியர் அந்த டிசம்பரிலேயே ஓக்லஹோமாவுக்குப் போனார். அதே மாதம் பயிற்சியாளர் ஜேக் டிக்கர்ட் வேக் ஃபாரஸ்டுக்குப் போனார். அடுத்து வந்த ஜிம்மி ராஜர்ஸ் ஒரே சீசன் முடித்து 2025 டிசம்பரில் அயோவா ஸ்டேட்டுக்குப் போனார். ரசிகர் பெயரை மனப்பாடம் செய்வதற்குள் ஆள் மாறிவிடுகிறார்.

இதில் புல்மன் முழு அப்பாவி அல்ல. கேம் வார்டே ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து 2022இல் இங்கே வந்தவர்தான். ராஜர்ஸும் தன் பழைய பல்கலைக்கழகமான சவுத் டகோட்டா ஸ்டேட்டிலிருந்து வீரர்கள் பலரைக் கூடவே அழைத்து வந்தார். அந்தச் சிற்றூரிலும் சனிக்கிழமை ரசிகர்கள் இருந்திருப்பார்கள். பெரிய மீன், சின்ன மீன் கதையில் நடு மீனாக இருப்பவர் அழும்போது தன் வாயையும் துடைத்துக்கொள்ள வேண்டும்.

ரசிகர் எதை இழந்தார்? பதினெட்டு வயதில் எலும்பும் தோலுமாக வந்த பையன், முதல் ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டாம் ஆண்டு சொதப்பி, நான்காம் ஆண்டில் தலைவனாகிப் பட்டம் வாங்கிப் போவதைப் பார்ப்பதுதான் கல்லூரி விளையாட்டின் தனிச் சுவை. தொழில்முறை ஆட்டத்தோடு ஒப்பிட்டால் திறமை குறைவுதான். அது எல்லோருக்கும் தெரியும். நான் உட்கார்ந்த பெஞ்சில் அவனும் உட்கார்ந்தான் என்ற உறவுக்காகத்தான் குறைந்த திறமையை ரசித்தார்கள். உறவு போய்விட்டால் மிஞ்சுவது தொழில்முறை லீக்கின் இரண்டாம் தர நகல். அதற்கு ஞாயிற்றுக்கிழமை நிஜத்தையே பார்க்கலாமே.

போதாக்குறைக்கு ரசிகரின் சட்டைப்பையில் கைவிடுகிறார்கள். முன்பு பழைய மாணவர் சங்கக் கடிதங்கள் உதவித்தொகைக்கும் கட்டடத்துக்கும் நன்கொடை கேட்டன. கொடுப்பதில் ஒரு பெருமை இருந்தது. பிறகு நாடு முழுவதும் ரசிகர் குழுக்கள் அமைந்து, வீரர்களைத் தக்கவைக்க மாதச் சந்தா கேட்கத் தொடங்கின. ஓய்வூதியத்தில் வாழும் பள்ளி ஆசிரியர், ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் வாங்கும் இருபது வயதுக்காரருக்கு மாதம் இருபது டாலர் அனுப்ப வேண்டும். அனுப்பினாலும் அவர் ஜனவரியில் இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பயிற்சியாளர்களே பின்வாங்குகிறார்கள். அலபாமாவின் நிக் சேபன், நாடறிந்த வெற்றியாளர், 2024 ஜனவரியில் விலகினார். மார்ச் மாதம் வாஷிங்டனில் செனட்டர்கள் கூட்டிய விவாதத்தில், தான் ஐம்பது ஆண்டுகளாக நம்பியவை எதுவும் இப்போது கல்லூரி விளையாட்டில் இல்லை என்ற பொருளில் பேசினார். கோடிகளில் சம்பளம் வாங்கியவர் இதைச் சொல்வது பொருத்தமா என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். கூடைப்பந்தில் வர்ஜீனியாவின் டோனி பென்னட் 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது, இந்தச் சூழலுக்கு நான் ஏற்ற ஆள் இல்லை என்று ஒதுங்கினார்.

இதை வைத்துக் கல்லூரி விளையாட்டே மூழ்குகிறது என்று முடிவு கட்டினால் தப்பு. பெரிய அணிகளின் ஆட்டங்களுக்கு டி.வி.யில் கூட்டம் குறையவில்லை. 2024இலிருந்து பன்னிரண்டு அணிகள் மோதும் இறுதிச் சுற்று வந்திருக்கிறது. டிசம்பரிலும் விறுவிறுப்புக்குப் பஞ்சமில்லை. எந்த அணிக்கும் சொந்தமில்லாமல், நல்ல ஆட்டம் எங்கே நடந்தாலும் பார்க்கும் புதிய ரசிகருக்கு இது பொற்காலம். ஒரே அணியைக் கட்டிக்கொண்டு அழுத பழைய ரசிகர் கணக்கில் வராததற்குக் காரணமே இதுதான். ஒருவர் போன இடத்தில் இருவர் வந்துவிட்டார்கள். போனவர் புல்மனில் இருந்தார், வந்தவர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்பதைத் திரை காட்டுவதில்லை.

பணம் கால்பந்தை நோக்கி ஓடும்போது மற்ற விளையாட்டுகள் வற்றுகின்றன. 2025 ஜூனில் வாஷிங்டன் ஸ்டேட் தன் தடகளப் பிரிவைச் சுருக்கியது. தாண்டுதல், எறிதல் எல்லாம் கிடையாது. குறுந்தூர ஓட்டம், தடை ஓட்டம் குறைக்கப்பட்டன. நெடுந்தூர ஓட்டத்துக்கே முக்கியத்துவம். 1977இல் உள்ளரங்கத் தடகளத்தில் தேசியப் பட்டம் வென்ற பல்கலைக்கழகம் அது. ஹென்றி ரோனோ அதைப் பார்க்கவில்லை. 2024 பிப்ரவரியில் இறந்துவிட்டார். அவருடைய தூரங்கள் தப்பித்தன. கால்பந்தில் எத்தனையோ துரோகங்களைச் செரித்த பழைய மாணவர்கள் சிலருக்கு இதுதான் செரிக்கவில்லை. தடகளம் யாருக்கும் வருமானம் தந்ததில்லை. யாரும் அதை அப்படிக் கணக்குப் பார்த்ததும் இல்லை.

பேக்-12 என்ற பலகையை விடாமல் வைத்துக்கொண்டு, பாய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் முதலான புதிய உறுப்பினர்களோடு 2026 ஜூலை முதல் கூட்டமைப்பைத் திருப்பிக் கட்ட ஏற்பாடானது. மறுபடி பெரும்பாலும் மேற்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். தூரம் குறைகிறது. பகை விளையச் சில பத்தாண்டுகள் ஆகும். அறுபத்தைந்து வயது ரசிகரிடம் அவ்வளவு பத்தாண்டுகள் இல்லை.

கொடி நிற்கவில்லை. 2025 சீசனிலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதோ ஒரு ஊரில், வேறு யாருடைய ஆட்டத்துக்கோ கூடிய கூட்டத்துக்குப் பின்னால், அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. திங்கட்கிழமை மடித்து, பார்சலில் கட்டி, அடுத்த விலாசத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.